ஸ்ட்ரெஸ் டாக்டர் ஹான்ஸ் செல்யே

ஆபீசில் மேலதிகாரி, வீட்டில் லோன் தவணை, பிள்ளையின் பிளஸ் டூ ரிசல்ட் என்று எதைப் பேச ஆரம்பித்தாலும் நம்மவர்கள் கடைசியில் ஸ்ட்ரெஸ்ஸில்தான் வந்து நிற்கிறார்கள். பாலத்துக்கும் இரும்புக் கம்பிக்கும் என்ஜினீயர்கள் வைத்திருந்த இந்த வார்த்தையை மனுஷ உடம்புக்கு இழுத்து வந்து உலகம் முழுக்கப் பரப்பியவர் ஹான்ஸ் செல்யே. (தமிழில் ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டுக்குமே மன அழுத்தம் என்று ஒரே பெயரைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஆகவே இங்கே ஸ்ட்ரெஸ் என்றே எழுதுகிறேன்.)

1907 ஜனவரி 26 அன்று வியன்னாவில் பிறந்தார். அப்பா ஹங்கேரிக்காரர், ராணுவத்தில் சர்ஜன். அம்மா ஆஸ்திரியப் பெண்மணி. பையன் வளர்ந்தது டான்யூப் நதிக்கரையில் கொமாரோம் என்ற ஊரில். பதினேழு வயதில் பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். 1929-ல் டாக்டர் பட்டம், இரண்டு வருஷம் கழித்து வேதியியலிலும் இன்னொரு டாக்டர் பட்டம்.

மருத்துவ மாணவராக இருந்தபோது நடந்த ஒன்றை அவர் கடைசிவரை மறக்கவில்லை. பேராசிரியர் வகுப்பில் வரிசையாகச் சில நோயாளிகளைக் காட்டி, இவருக்கு இந்த வியாதி, அவருக்கு அந்த வியாதி என்று தனித்தனி அடையாளங்களை விளக்கிக்கொண்டிருந்தார். நம்ம ஆள் கவனித்தது வேறு. எல்லாருக்கும் நாக்கில் மாவு படிந்திருக்கிறது, பசி இல்லை, உடம்பு வலி, முகத்தில் களை இல்லை. வியாதி எதுவானாலும் சீக்காளி சீக்காளியாகத்தானே தெரிகிறார், அது ஏன்? பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. கேள்வியை மனசில் போட்டு வைத்துக்கொண்டார்.

1931-ல் ராக்கஃபெல்லர் ஃபெல்லோஷிப்பில் அமெரிக்கா போய், அடுத்த வருஷம் கனடாவின் மான்ட்ரியால் நகரில் மக்கில் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த குரு காலிப். 1922-ல் இன்சுலினைச் சுத்தம் செய்து மனிதருக்குப் போடும்படி ஆக்கிக்கொடுத்த அதே காலிப்தான். புது ஹார்மோன் கண்டுபிடிப்பதே அன்றைக்கு எல்லாருடைய கனவு. செல்யேயும் மாட்டுச் சினைப்பையிலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அறுத்துப் பார்த்தால் அட்ரினல் சுரப்பி வீங்கியிருக்கிறது, தைமஸ் சுருங்கியிருக்கிறது, இரைப்பையில் புண். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரும் அறியாத ஒரு ஹார்மோன் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. வேறு சாறு போட்டாலும் அதே மூன்று மாற்றம். லேபில் பிணத்தைப் பதப்படுத்த வைத்திருக்கும் ஃபார்மலினைப் போட்டாலும் அதேதான். ஹார்மோனாவது ஒன்றாவது, அழுக்குச் சாறு எலியைப் படுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். வேறொருவராக இருந்தால் நோட்டை மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். இவருக்குப் பிராக் வகுப்பறை ஞாபகம் வந்தது. எது தாக்கினாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறது என்றால், அந்தப் பதிலைத்தானே ஆராய வேண்டும்? குளிர், காயம், அளவுக்கு மீறிய ஓட்டம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். முதலில் அபாய மணி, பிறகு தாக்குப்பிடித்தல், கடைசியில் ஓய்ந்துபோதல் என்று மூன்று கட்டங்களைக் கண்டார். 1936 ஜூலையில் நேச்சர் பத்திரிகையில் வந்த அந்தக் குறிப்பு ஒரே பக்கம்தான். வேடிக்கை என்னவென்றால், அதில் ஸ்ட்ரெஸ் என்ற பெயரே அவர் கண்டதற்குச் சூட்டப்படவில்லை. அது பின்னால் வந்தது. தன் ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருந்தால் ஸ்ட்ரெயின் என்று வைத்திருப்பேன் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இதுவரை பலரும் அறிந்த கதை. என்னைக் கேட்டால், இவருடைய இன்னொரு வேலைக்குத்தான் இன்று அதிக மதிப்பு. 1941-ல் புரொஜெஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்களை எலிகளின் வயிற்றுக்குள் செலுத்திப் பார்த்தார். புரொஜெஸ்டிரோன் கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோன். அதற்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. எலிகள் மயங்கித் தூங்கின, பிறகு எழுந்து நடந்தன. ஹார்மோன் மூளையை நேரே அமர்த்துகிறது! இதைப் பிடித்துக்கொண்டு 1950-களிலும் 70-களிலும் ஆபரேஷனுக்கான ஸ்டீராய்டு மயக்க மருந்துகள் வந்தன. பக்க விளைவுகளால் அவை நிலைக்கவில்லை. செல்யேயும் அதைத் தாண்டிப் போய்விட்டார்.

1945-ல் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநரானார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், சாதாரண ஜனங்களுக்கான புத்தகங்கள். அட்ரினல் ஹார்மோன்களை இன்றும் நாம் பிரித்துச் சொல்லும் குளூகோகார்ட்டிகாய்டு, மினரலோகார்ட்டிகாய்டு என்ற பெயர்கள் இவர் கொடுத்தவை. ஆனால் 1950-ல் அட்ரினல் ஹார்மோன்களுக்காகக் கொடுத்த நோபல் பரிசு கெண்டால், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் போயிற்று. பலமுறை பரிந்துரைத்தும் செல்யேக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கார்ட்டிசோன் மூட்டுவாதக்காரர்களை எழுப்பி நடக்க வைத்தது நிஜம். சிலருக்கு அளவில்லாத உற்சாகத்தையும், சிலருக்குச் சித்தப் பிரமையையும் கொடுத்தது. மனசைத் தொடும் மருந்து விளையாட்டுச் சாமான் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு கறையையும் சொல்லத்தான் வேண்டும். 1969-ல் கனடா பாராளுமன்றக் குழு முன் போய், புகைப்பது சிலருக்கு ஸ்ட்ரெஸ்ஸைத் தணிக்கும் என்கிற ரீதியில் பேசினார். புகையிலைக் கம்பெனிகளின் பணம் அவருடைய ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறது என்பது பின்னாளில் அந்தக் கம்பெனிகளின் கோப்புகள் வெளியானபோது தெரிந்தது. இவ்வளவு பெரிய படிப்பாளி இதில் போய் விழுந்தாரே என்று எனக்கு ஆறவில்லை.

விஞ்ஞானத்திலும் அவரை மறுத்தவர்கள் உண்டு. ஜான் மேசன் என்ற அமெரிக்கர் குரங்குகளைப் பட்டினி போட்டார். ஆனால் சத்தில்லாத, ருசி மட்டும் உள்ள உருண்டைகளைத் தின்னக் கொடுத்தார். ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறவில்லை. வெறும் பட்டினி அல்ல, அதனால் வரும் மனத் தவிப்பே ஹார்மோனை ஏற்றுகிறது என்றார். இதே மேசன் குழு 1986-ல் வியட்நாம் போரிலிருந்து திரும்பி, போர்க்காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து வாட்டிய சிப்பாய்களைச் சோதித்தது. கார்ட்டிசால் ஏறியிருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? குறைந்திருந்தது. குறைந்ததை ஏன் கொடுக்கக் கூடாது என்ற யோசனை அதன் வழியே பிறந்தது. மியூனிக்கில், ரத்தத்தில் கிருமி பரவி அதிர்ச்சி நிலையில் தீவிர சிகிச்சையில் கிடந்தவர்களில், ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்றவர்களுக்குப் பிறகு அந்த மனநோய் குறைவாக வந்தது. எல்லாம் சிறிய ஆய்வுகள், இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. யாரும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். டாக்டர் கொடுத்து நாள்பட்டுச் சாப்பிடுபவர்கள் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், உடம்பின் சொந்தச் சுரப்பு அதற்குள் படுத்துவிட்டிருக்கும்.

செல்யே 1982 அக்டோபர் 16 அன்று மான்ட்ரியாலில் காலமானார். அவர் போன பிறகுதான் அந்த 1941 எலிகளின் தூக்கத்துக்கு விளக்கம் கிடைத்தது. இந்த வகை ஸ்டீராய்டுகள், மூளையை அமைதிப்படுத்தும் காபா ரிசப்டரின் வேலையைக் கூட்டுகின்றன என்று 1980-களில் நிரூபித்தார்கள். புரொஜெஸ்டிரோனிலிருந்து உடம்பே தயாரிக்கும் அலோபிரெக்னனலோன் அவற்றில் வலுவான ஒன்று. கர்ப்ப காலத்தில் ஏகமாக ஏறி, பிரசவமானதும் மளமளவென்று இறங்கிவிடுகிறது. பிள்ளை பெற்ற சில தாய்மார்கள் அழுதுகொண்டே கிடப்பதும், குழந்தையைத் தூக்கக்கூடப் பிடிக்காமல் போவதும், வீட்டுப் பெரியவர்கள் காத்துக் கருப்பு என்று விபூதி போடுவதும் நாம் காணாததா? அதில் இந்த இறக்கத்துக்கும் பங்கு இருக்கலாம் என்று கருதி, அந்த ஹார்மோனையே பிரெக்ஸனலோன் என்ற பெயரில் 60 மணி நேரம் நரம்பில் ஏற்றும் மருந்தாக்கினார்கள். 2019-ல் அமெரிக்கா அனுமதித்தது. பிரசவத்துக்குப் பின் வரும் டிப்ரஷனுக்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. 2023-ல் அதன் உறவான ஜுரனோலோன் மாத்திரை வந்தது. தினம் ஒன்று, 14 நாள். பழைய டிப்ரஷன் மருந்துகள் வாரக்கணக்கில் காக்கவைக்கும், இதில் சிலருக்குச் சில நாளிலேயே குணம் தெரிகிறது. மாலையில் சாப்பாட்டோடு போட வேண்டும், போட்ட 12 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று எச்சரிக்கை இருக்கிறது. காரணம், செல்யேயின் எலிகளுக்கு வந்த அதே தூக்கம்தான்.