உரிய நேரத்தில் பேசிய அன்னை உம்மு ஸலமா (ரலி)

 

நம் பெண்மக்கள் இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார்கள். மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறார்கள். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு தவறு கண்ணில் பட்டால், நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். அதற்கு வெட்கம் என்று பெயர் வைத்து நாமும் பாராட்டிவிடுகிறோம். முஃமின்களின் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். வெட்கம் வேறு, வாயடைத்து நிற்பது வேறு என்பது விளங்கும்.

அன்னையின் இயற்பெயர் ஹிந்த். குறைஷிகளில் மக்ஸூம் கிளையைச் சேர்ந்தவர்கள். கணவர் அபூ ஸலமா (ரலி) அவர்களோடு அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றவர்கள். பிறகு மதீனாவுக்குப் புறப்பட்டபோது பிறந்த வீட்டார் அவர்களைத் தடுத்துவிட்டனர். கணவர் வீட்டார் குழந்தையைப் பறித்துக்கொண்டனர். ஏறத்தாழ ஓராண்டு கண்ணீரில் கழிந்தது. குழந்தை திரும்பக் கிடைத்ததும், யாரையும் எதிர்பாராமல் ஒட்டகத்தில் ஏறி மதீனா கிளம்பிவிட்டார்கள். வழியில் கண்ட உஸ்மான் இப்னு தல்ஹா, குபா வரை கண்ணியமாகக் கொண்டு வந்து சேர்த்தார்.

உஹதில் பட்ட காயத்தால் அபூ ஸலமா (ரலி) வஃபாத்தானார்கள். பின்னர் நபி (ஸல்) அவர்கள் பெண் கேட்டபோது, அன்னையவர்கள் உடனே தலையாட்டிவிடவில்லை. தமக்கு ரோஷம் அதிகம், வயதாகிவிட்டது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மனதில் இருந்ததை முதலிலேயே எடுத்துச் சொன்னார்கள். நபியவர்கள் வருத்தப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் தந்தார்கள். பொறுப்பை ஏற்கும் முன்பே சிரமத்தைச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல, சகோதரியே!

இன்னொரு நாள் பணிப்பெண் அன்னையவர்களுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மிம்பரிலிருந்து மக்களை அழைக்கும் நபியவர்களின் குரல் கேட்டது. அன்னையவர்கள் எழ முற்பட்டார்கள். அழைப்பு ஆண்களுக்குத்தானே என்றாள் பணிப்பெண். மக்கள் என்றால் அதில் நானும் ஒருத்திதான் என்று அன்னையவர்கள் விளக்கினார்கள். அலுவலகக் கூட்டத்தில் இது நமக்கான பேச்சு இல்லை என்று ஒதுங்கி உட்காரும் சகோதரிக்கு இதில் பாடம் இருக்கிறது.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, ஹுதைபிய்யா. உம்ரா செய்ய வந்த சுமார் 1400 ஸஹாபாக்கள். அந்த ஆண்டு கஅபாவைக் காணாமலே திரும்ப வேண்டும் என்று உடன்படிக்கை ஆகிவிட்டது. குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபியவர்கள் மூன்று முறை கட்டளையிட்டும், துக்கத்தில் உறைந்த தோழர்கள் எழவில்லை. நபியவர்கள் கூடாரத்துக்குள் வந்து அன்னையவர்களிடம் நிலைமையைச் சொன்னார்கள்.

அன்னையவர்கள் தோழர்களைக் குறை கூறவில்லை. பெரிய பெரிய ஸஹாபாக்கள் இருக்க நான் என்ன சொல்வது என்று பின்வாங்கவும் இல்லை. யாரிடமும் எதுவும் பேசாமல் வெளியே சென்று, முதலில் தாங்கள் குர்பானி கொடுத்து முடியைக் களையுங்கள் என்று சுருக்கமாக ஆலோசனை சொன்னார்கள். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைக் கண்ட தோழர்கள் அனைவரும் எழுந்து பின்பற்றினார்கள். ஒரு பெரும் நெருக்கடி ஒரு பெண்ணின் யோசனையால் தீர்ந்தது.

வேலைக்குச் செல்லும் சகோதரியே! மருந்தின் அளவு தவறு என்று உங்களுக்குத் தெரிந்தால், கணக்கு பொய் என்று தெரிந்தால், மௌனம் அதபு ஆகாது. உங்களுக்குத் தெரிந்தது உங்களிடம் உள்ள அமானிதம். யாரையும் இழிவுபடுத்தாமல், சுற்றி வளைக்காமல், என்ன செய்யலாம் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

கடை நடத்தும், அதிகாரியாக இருக்கும் சகோதரரே! வஹீ அருளப்பட்ட நபியே ஒரு பெண்ணின் ஆலோசனையை ஏற்றுச் செயல்பட்டார்கள் என்றால், உங்களிடம் வேலை பார்க்கும் பெண் பேசும்போது குறுக்கிட நமக்கு என்ன தகுதி? வீட்டில் மகளிடம் கருத்துக் கேட்டுப் பழகுங்கள். வீட்டில் கேட்கப்பட்ட குரல்தான் வெளியில் துணிந்து ஒலிக்கும்.

சத்தியத்தை அழகிய முறையில் சொல்லவும், சொல்பவர் யாராயினும் செவிசாய்க்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.