கென்னெத் உல்ஸ்டன்ஹோம்

நாவன்மையாற் புகழெய்தினோர் உலகிற் பலர். பேசவேண்டிய வேளையையும் வாளாவிருக்கவேண்டிய வேளையையும் பகுத்தறிந்து புகழெய்தினோரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராக நாம் மதிப்பவர், இங்கிலாந்து தேசத்துத் தொலைக்காட்சியில் உதைபந்தாட்டத்தை வருணித்துவந்த கென்னெத் உல்ஸ்டன்ஹோம் என்பார். பந்தாடுவோரும், கரையில் நின்று ஆரவாரிப்போரும் நம் மாணாக்கருள் மலிந்திருத்தலின், அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

இவர் 1920-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17-ஆம் நாள் லங்காஷயரிலுள்ள வொர்ஸ்லி என்னும் ஊரிற் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்தபின் மான்செஸ்டர் நகரிற் பத்திரிகைத் தொழிலை மேற்கொண்டார். அத்தொழில் வேரூன்றுமுன் இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்டது. விமானப் படையிற் சேர்ந்து குண்டுவீச்சு விமானஞ் செலுத்தினார்; பின்னர், இருளில் ஏனையோர்க்கு முன்னே சென்று இலக்கைச் சுட்டும் வழிகாட்டிப் பிரிவிலும் பணியாற்றினார். குண்டுவீச்சுப் படையிற் பறந்த ஏறக்குறைய 1,25,000 பேரில் 55,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நூறு முறை பறந்தும் உயிருடன் மீண்ட இவருக்கு, வீரத்திற்குரிய டி. எப். ஸி. விருது இருமுறை வழங்கப்பெற்றது.

யுத்தம் ஓய்ந்தபின் பி. பி. ஸி. நிறுவனத்தில் வருணனைத் தொழிலில் அமர்ந்தார். தொலைக்காட்சி அந்நாளில் இளங்குழந்தை. வானொலியிற் பேசுவோன் காணாதார்க்குக் கண்ணாதல் வேண்டும். தொலைக்காட்சியிற் பேசுவோனோ கண்டுகொண்டிருப்பாரிடமே பேசுதல் வேண்டும். கண்டதையே மீட்டுஞ் சொல்லின் கேட்போர் சலிப்பர். ஒன்றுஞ் சொல்லாவிடின், கறுப்பும் வெள்ளையுமாய்த் தோன்றிய அக்காலச் சிறு படத்தில் ஆடுவோன் இன்னான் என விளங்காது. இவ்விரண்டிற்கும் நடுவிலுள்ள ஒற்றையடிப் பாதையைத் தாமே நடந்து சமைத்தவருள் இவர் முதன்மையானவர்.

1953-இல் பிளாக்பூல் அணி 1-3 எனப் பின்தங்கியிருந்து, போல்ட்டன் அணியை 4-3 என வென்ற கோப்பை இறுதியாட்டத்தையும், அவ்வாண்டு நவம்பரில் ஹங்கேரி நாட்டார் வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என வீழ்த்தியதையும் இவர் வருணித்தார். 1960-இல் கிளாஸ்கோ நகரில் ரியல் மாட்ரிட் 7-3 என வென்ற ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்திலும் இவர் குரலே ஒலித்தது. 1964 ஆகஸ்ட் 22-ஆம் நாள் 'மேட்ச் ஆப் தி டே' என்னும் நிகழ்ச்சி தொடங்கியபோது, லிவர்பூல் அணி ஆர்ஸனலை 3-2 என வென்ற முதலாட்டத்தை விளக்கியவரும் இவரே.

எனினும் உலகம் இவரை நினைப்பது 1966 ஜூலை 30-ஆம் நாளைக் கொண்டே. அன்று வெம்பிளியில் உலகக் கோப்பைக்காக இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் எதிர்ந்தன. எந்நாட்டின்மேல் குண்டுகளுடன் பறந்தாரோ, அந்நாட்டின் இளைஞரை அன்று ஆட்டக்காரராகவே கண்டு, ஆட்டக்காரராகவே வருணித்தார். இறுதி நிமிஷத்தில் ஜெர்மானியர் கோல் அடிக்க ஆட்டம் 2-2 எனச் சமமாயிற்று. மேலதிக நேரத்தில் ஹர்ஸ்ட் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்திற் பட்டுக் கீழே விழ, அது கோட்டைக் கடந்ததோ இல்லையோ என்ற ஐயம் எழுந்தது. நடுவர் கோட்டு நடுவரை வினவி, கோல் எனத் தீர்த்தார். ஆட்டம் முடியுந் தறுவாயில் பார்வையாளர் சிலர் களத்துட் புகுந்தனர். எல்லாம் முடிந்ததென அவர்கள் எண்ணுவதாக இவர் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, ஹர்ஸ்ட் நான்காவது கோலை அடித்தார். இப்பொழுதே முடிந்தது என்னும் கருத்தை மிகச் சில சொற்களில் உடனே இணைத்தார் உல்ஸ்டன்ஹோம். அச்சொற்கள் அத்தேசத்தாரின் பழமொழியாயின.

ஆயினும் அப்புகழ் இவரது பதவியைக் காக்கவில்லை. இளையவராகிய டேவிட் கோல்மன் முன்னிலைக்கு வர, 1971-இல் இவர் பி. பி. ஸி.யை விட்டு நீங்கினார். பின்னர் வடகிழக்கு இங்கிலாந்தில் வேறொரு தொலைக்காட்சி நிலையத்திலும், 1990-களில் இத்தாலிய உதைபந்தாட்ட ஒளிபரப்பிலும் பணியாற்றினார். 1995-இல் அவர் சொற்களையே பெயராகக் கொண்டு நகைச்சுவை வினாவிடை நிகழ்ச்சியொன்றும் தொலைக்காட்சியில் எழுந்தது. 2002 மார்ச் 25-ஆம் நாள், தமது 81-ஆம் வயதில், காலஞ்சென்றார்.

இருபத்து மூன்று கோப்பை இறுதியாட்டங்களை வருணித்தவரை ஒரு வாக்கியத்தால் அளப்பது நியாயமோ என்று நாம் வினவலாம். முழு நியாயமன்று. எனினும் அவ்வொரு வாக்கியம் யதேச்சையாய் வாய்த்ததன்று. முன்னமே புனைந்து வைத்திருந்தால் அந்நொடிக்கு அது பொருந்தியிராது; பல்லாண்டுப் பயிற்சி இல்லாதிருந்தால் அந்நொடியில் நா எழுந்திராது. கண்முன் நடப்பதைக் கூர்ந்து நோக்கி, உள்ளதை உள்ளவாறு, வேண்டிய அளவே சொல்லும் பழக்கம் ஒரு நாளிற் பலித்தது, அவ்வளவே. பேச்சு மேடையிலும் தேர்வு மண்டபத்திலும் சொற்களை வாரி இறைக்கும் மாணவ நண்பர்காள்! இப்பெரியார் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் இதுவேயாகும்.