ரூ.2 ஆயிரத்துக்கு கார் செய்த 3-ம் வகுப்பு மேதை: லைசென்ஸ் கிடைக்காததால் முடங்கிய ஜி.டி.நாயுடுவின் கனவு

சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்கும், பிர்லா கோளரங்கத்துக்கும் பள்ளிக்கூட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து போகிறார்கள். இங்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஜி.டி.நாயுடுவின் கதை.

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி பிறந்தவர் ஜி.டி.நாயுடு. படிப்பு ஏறவில்லை. 3-ம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு போட்டார்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். மாடு இல்லாமல், குதிரை இல்லாமல் ஓடும் வண்டியை பார்த்து நாயுடு அசந்து போனார்.

ஓட்டல் சர்வர் வேலை

அந்த வண்டியை வாங்கியே தீருவது என்று கோவைக்கு போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து ரூ.300-க்கு அதே பைக்கை வாங்கினார். ஊரை சுற்றி ஓட்டிக் காட்டவில்லை. அக்கு வேறு ஆணி வேறாக கழற்றி மறுபடியும் மாட்டினார். அதுதான் அவருக்கு காலேஜ்!

அது காற்றிலேயே சூடு தணியும் என்ஜின். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றும் வேலையும் கிடையாது. என்ஜினை சுற்றி இருக்கும் தகடுகள் வழியாக சூடு வெளியேறிவிடும். சாமான் குறைந்தால் எடை குறையும். எடை குறைந்தால் பெட்ரோலும் மிச்சம்.

ஜெர்மனியில் போர்ஷே உருவாக்கிய போக்ஸ்வேகன் பீட்டில் காரும் இதே மாதிரி காற்றில் குளிரும் என்ஜின்தான். உலகம் முழுக்க 2 கோடிக்கும் மேல் விற்றது.

1920-ம் ஆண்டு ஒரே ஒரு பஸ்சை வாங்கி பொள்ளாச்சி-பழனி இடையே தானே ஓட்டினார் நாயுடு. அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் இந்தியாவின் முதல் மின்சார மோட்டார் கோவையில் அவரது முயற்சியில் உருவானது. ஷேவிங் ரேசர் செய்தார். ரூ.70-க்கு ரேடியோ செய்ய முடியும் என்றும் அறிவித்தார்.

லைசென்ஸ் இல்லை

1952-ம் ஆண்டு 2 பேர் போகக்கூடிய சின்ன பெட்ரோல் காரை செய்து காட்டினார். விலை வெறும் ரூ.2 ஆயிரம். அம்பாசடர் கார் வருவதற்கே அப்போது இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

ஆனால் தொழிற்சாலையில் எதை தயாரிக்கவும் அரசு லைசென்ஸ் வேண்டும் என்ற காலம் அது. நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. உழைத்து சாப்பிடும் சாமானியனும் கார் ஓட்டியிருக்க வேண்டிய வாய்ப்பு, ஒரு காகிதம் கிடைக்காததால் கைநழுவிப் போனது. ரூ.1 லட்சம் விலையில் டாடா நானோ காரை மக்கள் பார்க்க 2008 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாயுடு சோர்ந்து உட்காரவில்லை. 1945-லேயே கோவையில் பாலிடெக்னிக், என்ஜினீயரிங் கல்லூரி உருவாக காரணமாக இருந்தவர், இளைஞர்களுக்கு தொழில் கற்றுக் கொடுப்பதை கடைசி வரை விடவில்லை. 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி காலமானார்.

கோவை அவினாசி ரோட்டில் 2025-ல் திறக்கப்பட்ட 10 கிலோ மீட்டர் நீள மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் செய்த ரூ.2 ஆயிரம் கார்தான் எந்த ரோட்டிலும் ஓடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.