பிரபாகரனுக்கு 200 ஆண்டு சிறை விதித்த நீதிபதி: அவரைக் கொன்றது யார்?

2004 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை. கொழும்பு மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய வேலை முடிந்து வீடு திரும்பியிருந்தார். வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பாதுகாப்புக்கு இருந்த போலீஸ் அதிகாரி உபாலி பண்டாரவும் உயிரிழந்தார்.

யார் இந்த அம்பேபிட்டிய?

கடுமையான தண்டனை கொடுப்பவர் என்று பெயர் எடுத்தவர். 1996 ஜனவரி 31-ல் கொழும்பு மத்திய வங்கி மீது நடந்த குண்டுவெடிப்பில் கிட்டத்தட்ட 90 பேர் இறந்தாங்க. அந்த வழக்கில் விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனுக்கு, அவர் ஆஜராகாத நிலையிலேயே, 2002-ல் 200 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தவர் இவர்தான். அரசும் புலிகளும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த நேரம் அது.

இந்தப் பின்னணி தெரிந்தவர்களுக்கு சந்தேகம் எங்கே போகும்னு சொல்ல வேண்டியதில்ல. ஆனா விசாரணை போய் நின்ற இடம் வேற: கொழும்பின் போதைப்பொருள் உலகம். பொட்ட நௌஃபர் என்று அழைக்கப்பட்ட கடத்தல்காரர் கைதானார். அவர் மீதான வழக்கு அம்பேபிட்டிய முன்னிலையில்தான் இருந்தது.

இத்தாலியில் மாஃபியாவை எதிர்த்த நீதிபதி ஜியோவானி ஃபால்கோனே 1992 மே 23-ல் நெடுஞ்சாலையில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம். மாஃபியா தலைவர்களின் தண்டனை உறுதியாகி சில மாதங்களில் நடந்த பழிவாங்கல் அது. கொழும்பில் நடந்தது அதைவிட மோசம்னு சொல்லலாம். இங்கே கொலையாளிகள் தீர்ப்பு வரும்வரைகூட காத்திருக்கல.

கொலை வழக்கு என்ன ஆனது?

ஜூரி இல்லாமல், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்தது. ஒரு நீதிபதியைக் குறிவைத்துக் கொன்ற வழக்குக்கு இது பொருத்தமான ஏற்பாடுதான். எட்டு மாதத்துக்குள், 2005 ஜூலை 4-ல் தீர்ப்பு வந்தது. நௌஃபர் உட்பட ஐந்து பேருக்கு மரண தண்டனை. இழுத்தடிக்கும் வழக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த வேகம் ஆச்சரியம்தான்.

கொலை நடந்த கையோடு, கொலை, பாலியல் வன்கொடுமை, போதைப்பொருள் கடத்தல் குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை மீண்டும் நிறைவேற்றப்படும் என்று அதிபர் சந்திரிகா குமாரதுங்க தரப்பு அறிவித்திருந்தது. அறிவிப்போடு சரி. 1976-ல்தான் இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டார்.