கறுப்பு டேப் ஒட்டிய கேமரா!

சேதராப்பட்டில் இருந்து பஸ் ஏறி, புதுச்சேரி கடற்கரைக்குப் போகும் குட்டீஸ்... ஊருக்குள் பல கடைகளிலும் வீடுகளிலும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெண்தாடியும், தோள் வரை விழும் வெள்ளை முடியுமாக, பெரிய நாற்காலியில் அமர்ந்திருப்பார் ஸ்ரீஅரவிந்தர். அவரைத் தெரியும். அந்தப் படத்தை எடுத்தவர் யார் தெரியுமா? 10 மாதம் சீனாவைச் சுற்றி, அந்த நாட்டின் பழைய வாழ்க்கை மறைந்து புதிய ஆட்சி பிறப்பதை கேமராவில் பிடித்து வந்த ஒரு பிரெஞ்சு ஓவியர்!

ஓவியர் என்று எழுதியது தவறல்ல. உலகமே அவரைப் புகைப்படக் கலைஞர் என்று கொண்டாடியபோதும், அவர் தன்னை ஓவியராகத்தான் நினைத்துக் கொண்டார். கேமரா, அவருக்கு ஒரு வரைபட நோட்டு போல! பெயர், ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரி தாத்தா யாரிடமாவது கேட்டால், 'ஆன்ரி' என்று திருத்துவார். அதுதான் சரியான உச்சரிப்பு.

பிரான்ஸ் நாட்டில், பாரீஸ் நகருக்கு அருகே உள்ள சாண்டலூ என்ற ஊரில், 1908ம் ஆண்டு, ஆகஸ்ட் 22ம் தேதி பிறந்தார். குடும்பத் தொழில், தையல் நூல் தயாரிப்பு. அந்த நாட்டில் அம்மாக்களின் தையல் பெட்டியில் எல்லாம் இவர்கள் வீட்டுப் பெயர் அச்சிட்ட நூல்கண்டு இருக்கும். அவ்வளவு பெரிய தொழில்! மூத்த பிள்ளை தொழிலைப் பார்த்துக் கொள்வான் என்று நினைத்தார் அப்பா. பிள்ளைக்கோ அதில் மனம் ஒட்டவே இல்லை.

காரணம், அவரது சித்தப்பா லூயி. அவர் ஓவியர். சிறுவன் ஹென்றியை தன் ஓவியக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். வண்ணங்களின் வாசனை, பெரிய பெரிய திரைச்சீலைகள்... அங்கேயே மயங்கி விட்டான் சிறுவன். அந்த சித்தப்பா, முதல் உலகப் போரில் பலியானார். ஓவிய ஆசை மட்டும் ஹென்றியை விட்டுப் போகவில்லை. 1927ல், ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். எந்தப் பொருளை எங்கே வைத்தால் படம் நிற்கும், கோடுகள் எப்படிக் கண்ணை இழுத்துச் செல்லும் என்பதையெல்லாம் அங்கேதான் படித்தார்.

அதன்பின், ஊர் சுற்றும் ஆசை வந்தது. ஆப்பிரிக்காவில் உள்ள ஐவரி கோஸ்ட் நாட்டுக்குக் கப்பல் ஏறினார். வேட்டையாடிப் பிழைத்தார். அங்கே கொடிய காய்ச்சல் பிடித்தது. இனி பிழைக்க மாட்டோம் என்று நினைத்தவர், தன் இறுதிச் சடங்கை எந்த ஊரில் நடத்த வேண்டும், எந்த இசையை வாசிக்க வேண்டும் என்றெல்லாம் தாத்தாவுக்குக் கடிதம் எழுதி விட்டார். வீட்டில் இருந்து வந்த பதில் என்ன தெரியுமா? அதற்கெல்லாம் செலவு அதிகம் ஆகுமாம்; அதனால் முதலில் உயிரோடு வீடு வந்து சேரும்படி தாத்தா விரும்புகிறாராம்!

பேரனும் பிழைத்து வந்து சேர்ந்தார்.

அந்த சமயத்தில் ஒரு படம், அவர் கண்ணில் பட்டது. ஆப்பிரிக்கச் சிறுவர்கள் மூவர், ஏரி அலைக்குள் துள்ளிக் குதித்து ஓடும் காட்சி. மார்டின் முன்காச்சி என்பவர் எடுத்தது. ஒரு நொடியை இப்படி நிறுத்தி வைக்க முடியுமா என்று வியந்தார். 1932ல், மார்செய் துறைமுக நகரில் 'லைக்கா' என்ற சிறிய ஜெர்மன் கேமராவை வாங்கினார்.

அந்தக் காலத்து கேமரா எப்படி இருக்கும் என்று தெரியுமா, குட்டீஸ்? மூன்று கால் தாங்கியில் பெரிய பெட்டி. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கொள்வார். எதிரே இருப்பவர், மூச்சைப் பிடித்து பொம்மை போல நிற்க வேண்டும். லைக்காவோ, உள்ளங்கையில் அடங்கி விடும். ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள். அதில் பளபளப்பாக இருந்த உலோகப் பாகங்களின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி விட்டார் ஹென்றி. கேமரா மின்னினால், மனிதர்கள் திரும்பிப் பார்ப்பர். திரும்பிப் பார்த்தால், முகம் மாறி விடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. 'பிளாஷ்' போட மாட்டார். எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டிச் சரி செய்யவும் விட மாட்டார். பார்க்கும்போதே சட்டம் சரியாக அமைய வேண்டும். அமையாவிட்டால் அந்தப் படம் வேண்டாம். இந்தப் பிடிவாதம், ஓவியக் கூடத்தில் படித்த பாடம்!

இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்திருந்த ஹென்றியை, 1940ம் ஆண்டு ஜூனில் ஜெர்மன் படை பிடித்தது. பிடிபடும் முன், தன் லைக்காவை ஒரு பண்ணை நிலத்தில் குழி தோண்டிப் புதைத்து விட்டார். கைதி முகாமில், மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அடிமை வேலை. இரண்டு முறை தப்பி ஓடி, பிடிபட்டார். மூன்றாவது முறை, 1943ம் ஆண்டு பிப்ரவரியில் தப்பியே விட்டார். வந்ததும், புதைத்த கேமராவைத் தோண்டி எடுத்தார்!

இதற்குள், அவர் போரில் இறந்து விட்டதாக அமெரிக்காவில் பேச்சு. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம், மறைந்த கலைஞருக்கு அஞ்சலியாக ஒரு கண்காட்சி நடத்தத் திட்டமிட்டது. 1947ல் அந்தக் கண்காட்சி நடந்தபோது, 'மறைந்த' கலைஞரே நேரில் வந்து நின்றார்! அதே ஆண்டு, ராபர்ட் காப்பா முதலிய நண்பர்களோடு சேர்ந்து, 'மேக்னம்' என்ற புகைப்படக்காரர் கூட்டுறவு அமைப்பைத் துவக்கினார். ஆசியா, அவர் பங்குக்கு வந்தது. அவரது மனைவி ரத்னா மோகினி, ஜாவா தீவைச் சேர்ந்த நடனக் கலைஞர்.

அப்படித்தான் இந்தியா வந்தார். 1948ம் ஆண்டு ஜனவரி 30ம் தேதி பிற்பகல், டில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்தித்து, தன் நியூயார்க் கண்காட்சிப் புத்தகத்தைக் காட்டினார். காந்தியடிகள் ஒவ்வொரு பக்கமாக, நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். ஹென்றி விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்தில், காந்தியடிகள் சுடப்பட்டார். ஓடி வந்தார் ஹென்றி. அன்று இரவு, வாசல் கதவின் மேல் நின்று, கூட்டத்துக்கு அந்தச் செய்தியை நேரு சொல்லும் காட்சியை எடுத்தார். தெரு விளக்கின் மங்கல் வெளிச்சம்தான். படம் சற்று கலங்கித்தான் இருக்கும். ஆனால், அந்த இரவின் துயரத்தை அதைவிட நன்றாகக் காட்டும் படம் வேறு இல்லை என்றே தோன்றுகிறது.

இனி, சீனா!

1948ம் ஆண்டு நவம்பர் கடைசியில், அவர் பர்மாவில் இருந்தார். அமெரிக்காவின் 'லைப்' பத்திரிகை அவசரமாகக் கேட்டது. சீனாவில் உள்நாட்டுப் போர். சியாங் கை ஷேக்கின் கோமிண்டாங் அரசு தோற்று வருகிறது. மா சே துங்கின் கம்யூனிஸ்ட் படை பீஜிங்கை நெருங்குகிறது. அந்த ஊரின் கடைசி நாட்களைப் படமெடுக்க முடியுமா என்று கேட்டனர். இரண்டு வாரத்தில் முடிந்து விடும் வேலை என்று கிளம்பினார். திரும்ப, 10 மாதம் ஆயிற்று!

டிசம்பர் துவக்கத்தில் பீஜிங்கில் இறங்கினார். கடும் குளிர். ஊரைச் சுற்றி, போர் நெருங்கி வருகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு போட்டோக்காரர் எதைத் தேடிப் போவார்? துப்பாக்கியை, டாங்கியைத்தானே? ஹென்றி, தெருவுக்குள் நடந்தார். அதிகாலையில் மரத்தடியில் நின்று, கை கால்களை மெல்ல மெல்ல அசைத்து, 'தாய் சீ' பயிற்சி செய்யும் பெரியவர், பழம்பொருள் கடைக்காரர், தெரு வியாபாரிகள், பனிமூட்டத்தில் அரண்மனை மதில். அந்த மதிலை ஒட்டிய மைதானத்தில், வரிசையாக நிற்க வைக்கப்பட்ட புதுப் படைவீரர்கள். நூற்றாண்டுகளாக நடந்து வந்த வாழ்க்கையும், அதை முடித்து வைக்கப் போகிற போரும், ஒரே சட்டத்துக்குள்!

அங்கே அவர் எடுத்த ஒரு முதியவரின் படம், மிகவும் புகழ் பெற்றது. சீனாவின் கடைசி அரச வம்சத்தின் அரண்மனையில் வேலை பார்த்தவர், அந்த முதியவர். 1912ல் மன்னராட்சி ஒழிந்து விட்டது. மன்னரும் இல்லை, வேலையும் இல்லை. சுருக்கம் விழுந்த முகத்தோடு அவர் மட்டும் நிற்கிறார். பல பக்க வரலாற்றுப் பாடம், ஒரே முகத்தில்!

12 நாட்கள்தான். கம்யூனிஸ்ட் படை ஊரை வளைத்துக் கொள்ளும் முன், கடைசி நேர விமானத்தில் ஷாங்காய் நகருக்குப் பறந்தார். அங்கே வேறு விதமான போர். காகிதப் பணத்தின் மதிப்பு, நாளுக்கு நாள் விழுந்து கொண்டிருந்தது. காலையில் அரிசி வாங்கிய பணத்துக்கு, மாலையில் பாதிகூட வாங்க முடியாத நிலை. அரசு, ஆளுக்கு 40 கிராம் தங்கம் தருவதாக அறிவித்தது. கையில் இருக்கும் காகிதம் குப்பை ஆவதற்குள் தங்கமாக மாற்றி விட வேண்டுமென்று, டிசம்பர் குளிரில் ஆயிரக்கணக்கானோர் வங்கி வாசலில் குவிந்தனர்.

வரிசை என்று சொல்லலாமா, தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பின்னாலிருந்து இறுகக் கட்டிக் கொண்டு நிற்கின்றனர். விட்டால், இடம் போய்விடும். கைகள், தலைகள், வலியில் கோணிய முகங்கள். யாருடைய கை, யாருடைய தோள் என்றே பிரித்துப் பார்க்க முடியாது. அந்த நெரிசலில், 10 பேர் நசுங்கி இறந்தனர். ஹென்றி அந்தக் கூட்டத்தின் ஓரமாகவே நின்று எடுத்த படத்தில், வங்கியும் இல்லை, தங்கமும் இல்லை. ஆனால், பண மதிப்பு சரிந்தால் ஒரு நாட்டில் என்ன நடக்கும் என்பதை, இன்றும் ஆசிரியர்கள் இந்தப் படத்தை வைத்து விளக்கலாம்.

1949ம் ஆண்டு வசந்த காலத்தில், ஹாங்சோ நகரின் புத்தர் கோவிலுக்கு வந்த யாத்ரீகர்களைப் படமெடுத்தார். ஏப்ரலில், தலைநகர் நான்ஜிங் வந்தார். அரசு அதிகாரிகள் மூட்டை கட்டிப் புறப்படுவதையும், புதிய படை ஊருக்குள் நுழைவதையும் பார்த்தார். போகிறவர்களையும் வருகிறவர்களையும் ஒரே கண்ணால் பார்த்தவர், அவர். மீண்டும் ஷாங்காய். புதிய ஆட்சியின் கீழ் சில மாதங்கள். செப்டம்பரில், வெளிநாட்டவரை ஏற்றிச் சென்ற கப்பலில் ஹாங்காங் புறப்பட்டார். அடுத்த வாரமே, அக்டோபர் 1ம் தேதி, சீன மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது.

இன்றைய பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும் ஒரு விஷயம்... இந்த 10 மாதத்தில், எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று அவரால் உடனே பார்க்க முடியாது! பிலிம் சுருளைக் கழுவாமலே, விமானத்தில் வெளிநாடு அனுப்ப வேண்டும். கூடவே, ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, என்ன நடந்தது என்று விரிவாகத் தட்டச்சு செய்து அனுப்புவார். படத்தைவிட, அந்தக் குறிப்புக்கு அதிகம் கவலைப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். தவறான விளக்கம் போட்டால், உண்மையான படமும் பொய் பேசுமல்லவா?

சீனாவில் இருந்து இந்தோனேசியா, மனைவியின் தாய்நாடு. அங்கிருந்து, 1950ல் மீண்டும் இந்தியா. இந்த முறை, நம் பக்கம்!

திருவண்ணாமலையில் ரமண மகரிஷி உடல் நலமின்றி இருந்தார். அவரது கடைசி நாட்களில் ஹென்றி அங்கே தங்கிப் படமெடுத்தார். ஏப்ரல் 14ம் தேதி இரவு, 8:47 மணிக்கு ரமணர் மறைந்தார். அந்த நேரத்தில், ஒளிவால் கொண்ட விண்மீன் ஒன்று வானில் மெல்ல நகர்ந்து, மலைக்குப் பின்னே மறைந்ததை வாசலில் இருந்து பார்த்ததாகவும், உடனே கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டதாகவும் ஹென்றி பதிவு செய்திருக்கிறார். அதைத் தாங்களும் பார்த்ததாக, ஊரில் வேறு பலரும் கூறினர்.

அதன்பின், புதுச்சேரி வந்தார். அப்போது அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். 1954ல்தான் இந்தியாவிடம் வந்தது. ஸ்ரீஅரவிந்தர், 1926ம் ஆண்டு முதலே தன் அறையை விட்டு வெளியே வராமல் தனித்து இருந்தார். ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் தரிசனம். பல ஆண்டுகளாக, யாருக்கும் அவரைப் படமெடுக்க அனுமதி இல்லை. ஏப்ரல் 24ம் தேதி தரிசன நாள். ஹென்றிக்கு அனுமதி கிடைத்தது! ஸ்ரீஅரவிந்தரும் அன்னையும் அருகருகே அமர்ந்திருக்கும் காட்சியை எடுத்தார். பின், அறையில் அவரைத் தனியாகவும் எடுத்தார். வெளிச்சம் குறைவு, 'பிளாஷ்' கிடையாது. சில நிமிடங்கள்தான். அவ்வளவு நேரமும் ஸ்ரீஅரவிந்தர், இமைகூட அசையாமல் அமர்ந்திருந்தாராம்.

பீஜிங் தெருவில் நடந்த அதே கால்கள், ஆசிரமத்தின் விளையாட்டு மைதானத்துக்கும் போயின. அணிவகுத்து உடற்பயிற்சி செய்யும் பிள்ளைகளையும், 72 வயதில் டென்னிஸ் ஆடும் அன்னையையும் எடுத்தார். அந்த நெகடிவ்களை, பின்னர் ஆசிரமமே விலை கொடுத்து வாங்கிக் கொண்டது. அதே ஆண்டு, டிசம்பர் 5ம் தேதி ஸ்ரீஅரவிந்தர் மறைந்தார். முதுமையில் அவர் எப்படி இருந்தார் என்று நாம் அறிவது, ஹென்றியின் லைக்கா மூலமாகத்தான்.

சீனப் படங்கள், 1954ல் புத்தகமாக வந்தன. 1958ல், நான்கு மாதம் மீண்டும் சீனா சென்றார். ஆனால், இம்முறை தெருவில் இஷ்டம் போல் திரிய முடியவில்லை. எங்கே போனாலும், அரசு அனுப்பிய வழிகாட்டி கூடவே வந்தார். ஆலை, அணைக்கட்டு என்று, காட்டியதைத்தான் பார்க்க முடிந்தது. அப்படியும், பீஜிங் பல்கலைக்கழக மாணவர்கள் மண்வெட்டியோடு தாங்களே நீச்சல் குளம் வெட்டும் காட்சி போல, சில நல்ல படங்கள் கிடைத்தன. 10 ஆண்டுக்கு முந்தைய படங்களோடு ஒப்பிட்டால், அவற்றில் ஏதோ குறைகிறது. கறுப்பு டேப் ஒட்டிய கேமராவை மறைக்கலாம். கூடவே வரும் வழிகாட்டியை எப்படி மறைப்பது?

1970களில், கேமராவைப் பெரும்பாலும் பெட்டியில் வைத்து விட்டு, பென்சிலை எடுத்தார். அருங்காட்சியகங்களில் உட்கார்ந்து, மணிக்கணக்கில் வரைந்தார். உலகத்தையே படமெடுத்தவருக்கு, தன்னைப் படமெடுத்தால் மட்டும் பிடிக்காது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம், 1975ல் கவுரவப் பட்டம் கொடுத்தபோது, போட்டோக்காரர்களைப் பார்த்ததும் கையிலிருந்த தாளால் முகத்தை மூடிக் கொண்டார்! பிரபலம் ஆகி விட்டால், தெருவில் யாருக்கும் தெரியாமல் நின்று படமெடுக்க முடியாதே என்ற கவலை, அந்த வயதிலும்!

2004ம் ஆண்டு, ஆகஸ்ட் 3ம் தேதி, தெற்கு பிரான்ஸில் உள்ள மோன்ஜுஸ்தேன் கிராமத்தில் காலமானார். 96வது பிறந்தநாளுக்கு இன்னும் 19 நாட்கள் இருந்தன.