ஜான் உல்மன் என்னும் தையல்காரர்



கடைக்குப் போனால் விலை கேட்கிறோம். எடை சரிதானா என்று தராசு முள்ளைப் பார்க்கிறோம். துணியானால் சாயம் நிற்குமா என்று கசக்கிப் பார்க்கிறோம். ஆனால் இந்தச் சாமானை உண்டாக்கியவனுடைய வயிறு நிறைந்ததா, அவன் முதுகில் அடி விழுந்ததா என்று நாம் விசாரிப்பதில்லை. விசாரித்தால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அப்படி விசாரித்து விசாரித்தே, ஊரார் தம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பதைப் பொறுத்துக்கொண்டே, ஆயுளைக் கழித்த ஒரு மனிதரைப் பற்றி இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் ஜான் உல்மன். 1720ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அப்போது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாயிருந்த வட அமெரிக்க நியூ ஜெர்சியில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். குவேக்கர் என்று ஊரார் அழைத்த நண்பர்கள் சபையில் பிறந்து, அதிலேயே மரித்தவர். குருக்களும் தேவதிரவிய அனுமானங்களும் இல்லாத சபை அது. போதனையில் நமக்கும் அவர்களுக்கும் தூரம் அதிகம். ஆனாலும் அவருடைய தினக்குறிப்பைப் படித்து முடித்தபோது, என் சொந்த அலமாரியைத் திறந்து பார்க்க எனக்குக் கூச்சமாயிருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிறு பிராயத்தில் நடந்த ஒரு காரியத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒரு தாய்ப்பறவை தன் கூட்டைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. விளையாட்டாகக் கல் எறிந்தார். பறவை செத்து விழுந்தது. முதலில் சந்தோஷம். சற்று நேரத்தில் கூட்டிலிருக்கும் குஞ்சுகளின் நினைவு வந்தது. தாயில்லாமல் அவை பசியால் துடித்துச் சாகுமே என்று மரத்தில் ஏறி, அவற்றையும் தம் கையாலேயே கொன்றார். கல்லை எறிகிற பையன்கள் எங்கும் உண்டு. எறிந்த கல் எங்கெங்கே போய்ப் பட்டது என்று கடைசிவரை பின்தொடர்ந்து பார்க்கிற பையன் அபூர்வம். பிற்காலத்தில் அவர் செலவழித்த ஒவ்வொரு காசையும் அப்படித்தான் பின்தொடர்ந்தார்.

இருபத்தோராம் வயதில், மவுண்ட் ஹாலி என்ற ஊரில் ஒரு வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தார். ஒருநாள் முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண்ணொருத்தியை விற்றுவிட்டு, கிரயச் சீட்டு எழுதும்படி இவரிடம் சொன்னார். வாங்குகிறவர் எதிரிலேயே காத்திருக்கிறார். அவரும் குவேக்கர், வயது முதிர்ந்தவர். இவரோ சம்பளத்துக்கு வேலை செய்கிற வாலிபர். யோசிக்க நேரமில்லை. மனம் குறுகுறுக்க எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதிய கையோடு, அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ வேதத்துக்குப் பொருந்தாத காரியமென்று தாம் நம்புவதாக இருவர் முன்னிலையிலும் சொல்லவும் செய்தார். அது மனச்சுமையைக் கொஞ்சம் குறைத்ததே தவிர நீக்கவில்லை. முடியாதென்று சொல்லியிருக்க வேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அவரை உறுத்தியது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அவர் எழுதி வைக்கவில்லை. அவளுக்குப் பின்னர் என்ன நேர்ந்ததென்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய மீதி வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சீட்டுக்குச் செய்த பரிகாரம் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த முறை ஒரு வாலிபர் அதே மாதிரிப் பத்திரம் எழுதக் கேட்டபோது மறுத்துவிட்டார். உயில் எழுதுவதிலும் அப்படியே. அக்காலத்தில் நல்ல கையெழுத்துள்ளவருக்கு உயில் எழுதுவது நல்ல வருமானம். உடலில் பலமாக அடிபட்ட அண்டை வீட்டுக்காரர் ஒருவர் உயில் எழுதும்படி இவரிடம் கேட்டார். நிலம், வீடு எல்லாவற்றையும் இவர் எழுதினார். இளம் அடிமைப் பெண்ணை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்ற பகுதியை மட்டும் எழுதாமல் விட்டு, தாளை நோயாளியின் படுக்கையருகே கொண்டுபோய், இதற்குமேல் தம்மால் எழுத முடியாதென்றும், எழுதிய வரைக்கும் கூலி வேண்டாமென்றும் பணிவாகச் சொன்னார். இருவரும் அதைக் குறித்துப் பேசினார்கள். கடைசியில் அவளை விடுதலை செய்ய அவர் சம்மதித்தார். இவரும் உயிலை எழுதி முடித்தார். ஒரு சத்தமில்லை, ஒரு சாபமில்லை. இதுதான் உல்மனுடைய வழி.

பிறகு தையல் தொழில் கற்றார். 1749இல் சாரா எல்லிஸ் என்பவரை மணந்தார். மேரி என்று ஒரு மகள் வளர்ந்தாள். தையலோடு தையலாக ஒரு கடையும் வைத்தார். குடும்பஸ்தர்களாகிய உங்களுக்கு இந்தப் பகுதி வேடிக்கையாக இருக்கும்: அவருடைய கடை நன்றாக ஓடியது, அதுவே அவருக்குக் கவலையாகிவிட்டது! வீண் ஆடம்பரத்துக்கான சாமான்களை விற்க மனம் ஒப்பவில்லை. ஏழைகள் தகுதிக்கு மிஞ்சி வாங்கிக் கடனில் விழுவதைக் கண்டு, விலை குறைந்ததும் உழைக்கக்கூடியதுமான சாமானையே வாங்குங்கள் என்று வாடிக்கைக்காரருக்குப் புத்தி சொல்வார். கடைசியில் 1756 வாக்கில் கடையையே விட்டுவிட்டு, தையலோடும் ஒரு ஆப்பிள் தோப்போடும் நின்றுகொண்டார். தேவை பெருகினால் ஆசை பெருகும், ஆசை பெருகினால் யாரோ ஒருவன் அதிகமாக உழைக்க வேண்டிவரும் என்பது அவர் கண்டுகொண்ட கணக்கு.

இதற்கிடையில் 1746இலும் 1757இலும் மேரிலாந்து, வர்ஜீனியா முதலான தெற்குப் பகுதிகளுக்குப் பிரயாணம் செய்தார். அடிமைகளை வைத்திருந்த குவேக்கர் வீடுகளில் தங்க நேர்ந்தது. விருந்தோம்பல் என்றால் இலவசம் என்று நாம் எண்ணுகிறோம். அவர் வேறு விதமாக எண்ணினார். சமைத்தவள் அடிமை, படுக்கை விரித்தவன் அடிமை, அவர்களுக்குக் கூலி இல்லை. ஆகவே என் சாப்பாட்டுச் செலவை மிச்சப்படுத்தியது வீட்டுக்காரரல்ல, அவர்களே. எனவே புறப்படுமுன் வீட்டுத் தலைவரைத் தனியே அழைத்து, சில்லறை வெள்ளிக் காசுகளைக் கொடுத்து, உங்கள் கறுப்பினத்தாரில் நன்றாய்ப் பயன்படுத்தக்கூடியவர்களுக்குக் கொடுங்கள் என்பார். சில இடங்களில் அவர்கள் கையிலேயே கொடுப்பார். செல்வந்தர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இப்படிச் செய்வது எவ்வளவு சங்கடம் என்று எண்ணிப் பாருங்கள். அது தமக்கும் ஒரு சோதனையாயிருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். எதிர்பார்த்த அளவுக்கு அவர்கள் கோபிக்கவில்லையாம்.

1761ஆம் ஆண்டு வாக்கில் சாயமிட்ட உடைகளை விடத் தீர்மானித்தார். சாயம் துணியின் வலிமையைக் குறைக்கிறது, அழுக்கை மறைக்கிறது. அழுக்கை மறைக்கச் செலவாகும் பொருளையும் உழைப்பையும் துணியைச் சுத்தமாக வைத்திருக்கச் செலவிடலாமே என்பது அவர் நியாயம். இருந்த உடைகளை வீணாக்காமல் உடுத்தித் தேய்த்துவிட்டு, ஒவ்வொன்றாய் மாற்றினார். இயற்கை நிறத்தில் ஒரு தொப்பியும் வாங்கினார். வந்தது வினை! அந்தச் சமயத்தில் வெள்ளைத் தொப்பி நாகரிகக்காரரிடையே புது மோஸ்தராகியிருந்தது. ஆடம்பரத்தை வெறுத்தவரை மோஸ்தர் பிடித்து அலைகிறார் என்று சிலர் எண்ணினார்கள். சொந்தச் சபையாரே ஒதுங்கிப்போனார்கள். அவருக்கு அது வேதனையாயிருந்தது. தாம் விசித்திரமாய்த் தோன்ற ஆசைப்படுகிறோமோ என்று தம்மையே சோதித்துப் பார்த்தார். தன்னை ஒறுக்கிறவனுக்கு மறைவாக வரும் ஆங்காரம் எப்படிப்பட்டது என்று அறிந்தவர் அவர். ஆகையால்தான் அவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சர்க்கரையின் கதை இன்னும் கனமானது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்தவர்கள் செத்துச் செத்து உழைத்தார்கள். அங்கிருந்துதான் சர்க்கரை, கரும்புப் பாகு, ரம் சாராயம் எல்லாம் வந்தன. உல்மனே தம் கடையில் இவற்றை விற்றவர். பின்னாளில் அவற்றை உண்பதை விட்டது மட்டுமல்ல, அன்று சம்பாதித்த சிறு லாபத்தையும் மறக்கவில்லை. பார்பேடோஸ் தீவுக்குப் போய் அங்குள்ளோருக்குப் போதிக்க எண்ணியபோது, அந்த லாபத்தை அப்பிரயாணத்துக்கே செலவிட முடிவு செய்தார். இத்தனைக்கும் அடிமைகள் விளைவித்த சரக்கை ஏற்றும் கப்பல் ஆதலால்தான் பிரயாணக் கட்டணம் மலிவாயிருக்கிறது, அப்படியானால் அதிகமாகக் கொடுக்க வேண்டுமே என்று வேறு யோசித்தார். கடைசியில் அந்தப் பயணம் நடக்கவில்லை.

1770இல் நுரையீரல் உறை அழற்சியால் சாகக் கிடந்தபோது ஒரு காட்சி கண்டதாக எழுதுகிறார். மங்கலான நிறத்தில் ஒரு பெருங்கூட்டம், உயிரோடிருந்தும் சொல்லொணா வேதனையில் கிடந்தது. தாமும் அதில் கலந்து, தம் பெயரையே மறந்துபோனார். பின் சுரங்கங்களில் வதைபட்டு வெள்ளி தோண்டுகிற ஏழைகளைக் கண்டார். தங்களை வதைப்பவர்கள் கிறிஸ்தவர்கள் என்று கேட்டு, அவர்கள் கிறிஸ்துவின் நாமத்தையே சபித்தார்களாம். அதன்பின் வெள்ளிப் பாத்திரத்தில் எதையும் குடிக்க அவர் மனம் இடந்தரவில்லை.

ஒரு தையல்காரர் சீனி தின்னாததால் எந்தத் தோட்டமாவது மூடப்பட்டதா? நியாயமான கேள்வி. மூடப்படவில்லை. ஆனால் அவர் யார் வீட்டு மேசையில் உட்கார்ந்தாலும், சீனிக் கிண்ணம் அந்த வீட்டாருக்கு ஒரு கேள்வியாயிற்று. 1758இல் பிலடெல்பியாவில் கூடிய குவேக்கர் ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருக்கும் அங்கத்தினரை வீடு வீடாகச் சந்தித்துப் பேச ஒரு குழுவை நியமித்தது. உல்மன் அதில் ஒருவர். 1776இல் அதே சபை, அடிமைகளை விடுவிக்க மறுப்பவரைச் சபையிலிருந்தே நீக்கத் தீர்மானித்தது. இங்கிலாந்தில் 1791இல் வில்லியம் பாக்ஸ் என்பவர் மேற்கிந்தியச் சர்க்கரையை விடும்படி ஒரு பிரசுரம் எழுதினார். ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் விட்டதாக அக்காலத்துக் கிளார்க்சன் கணக்கிட்டார். 1807இல் ஆங்கிலேயர் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தார்கள். 1833இல் தங்கள் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனத்தையே ஒழிக்கச் சட்டம் செய்தார்கள்.

இதையெல்லாம் சீனியை விட்டவர்களே சாதித்தார்கள் என்று சொன்னால் பொய்யாகும். அடிமைகளே கலகம் செய்தார்கள்; பாராளுமன்றத்தில் ஆண்டுக்கணக்காய் வாதாடினார்கள். அமெரிக்காவில் அடிமைகள் விளைவிக்காத சரக்கை மட்டும் விற்கத் திறந்த கடைகள் விலை அதிகமானதால் நொடித்துப்போயின. அங்கே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தமே காரியத்தை முடித்தது. சர்க்கரையின் கணக்கும் அதோடு தீர்ந்துவிடவில்லை. அடிமைகள் செய்யாத சர்க்கரை என்று கிண்ணத்தில் எழுதி, ஆங்கிலச் சீமாட்டிகள் நம் இந்தியச் சர்க்கரையை வாங்கினார்கள். அதைச் செய்த நம் உழவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர்கள் சிலரே. அடிமைகள் விடுதலையானபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது, மொரீஷியஸுக்கும், 1860இல் சென்னையிலிருந்து துரோ என்ற கப்பலில் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனவர்களில் நம் தமிழ் ஜனங்கள் எத்தனையோ பேர்.

உல்மனுக்குத் திரும்புவோம். 1772ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மேல் அறையில் வீணான சித்திர வேலைப்பாடுகள் இருந்தன. அதற்கும் சேர்த்துத்தானே கட்டணம் என்று, கீழ்த்தட்டில் மாலுமிகளோடு ஐந்து வாரத்துக்கு மேல் பிரயாணம் செய்தார். லண்டனில் இறங்கியதும், சாயமற்ற அந்த உடையோடு நேரே சபைக் கூட்டத்துக்குப் போனார். இவரைப் பார்த்துத் திகைத்த சிலர், வந்த காரியம் முடிந்தது, ஊருக்குத் திரும்பலாம் என்ற தோரணையில் பேசினார்களாம். அவர் கண்ணீர் விட்டார். யாருக்கும் பாரமாயிருக்க மாட்டேன், தையல் தெரியும், வேலை கொடுங்கள் என்று மட்டும் கேட்டார் என்று வழிவழியாய்ச் சொல்லப்படுகிறது. பின்னர் அவர் பேசக் கேட்டபோது அவர்கள் மனம் மாறிற்று.

அங்கிருந்து வடக்கே நடந்தே போனார். ஏனென்றால் தபால் வண்டிகள் நாளொன்றுக்கு நூறு மைலுக்குமேல் ஓடின. குதிரைகள் ஓடி ஓடியே செத்தன, பல குருடாயின. வண்டியோட்டும் பையன்கள் பனிக்கால இரவுகளில் குளிரில் விறைத்து மடிந்ததாகவும் கேள்விப்பட்டார். ஆகவே வண்டியிலும் ஏறவில்லை. முக்கியமான காரியமில்லாமல் தமக்கு அந்தத் தபாலில் கடிதம் போட வேண்டாமென்றும் சொல்லி வைத்தார். கடலுக்கு அப்பால் மனைவியும் மகளும். அவர்கள் செய்தி அபூர்வமாகவே வரும் என்று தெரிந்தே அப்படிச் சொன்னார். வெள்ளைத் தொப்பியும் சீனியும் எனக்குப் புரிகின்றன. இதைப் படிக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

யார்க் நகரில் அவருக்குப் பெரியம்மை கண்டது. அன்போடு பார்த்துக்கொண்ட ஒரு வீட்டில் 1772ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் காலமானார். வயது ஐம்பத்திரண்டு நிரம்பவில்லை. அடக்கத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அலங்காரமில்லாத சாதாரண ஆஷ் மரப்பெட்டி போதும். உடலைச் சுற்ற மலிவான பிளானல் துணி போதும். அந்தச் செலவுக்கும் குழி தோண்டுகிறவர் கூலிக்கும் தம்முடைய உடைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சாயமிடாத அந்த உடைகள்தாம்.