விண்மீனின் எல்லை கண்டவர்

காற்றும் இடியும் தாக்கினும் நிலைகுலையாதது நம் மலையின் கொல்லிப்பாவை என்பர். இடமும் காலமும் அத்தகையனவே என்று அறிவியலும் நெடுங்காலம் நம்பிற்று. அவை வளையும் என்று காட்டினார் ஐன்ஸ்டைன். மிக நுண்ணிய அளவில் அவை ஓயாது நடுங்கவும் கூடும் என்பது குவாண்டம் அறிஞர் கருத்து. ஈர்ப்பையும் குவாண்டத்தையும் ஒரு விண்மீனுக்குள் எதிர்நிறுத்திப் பார்த்த தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910 அக்டோபர் 19 இல் லாகூரில் பிறந்தார். அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழாக்கியவர் என்பது நம் வட்டத்தார்க்கு உவப்பான செய்தி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர், 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடற்பயணத்திலேயே கணக்குத் தொடங்கிற்று. எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய விண்மீனாகிய வெண்குறுமீனைத் தன் ஈர்ப்பால் நொறுங்காமல் தாங்குவது எலக்ட்ரான்களின் குவாண்டம் அழுத்தம். அவை ஒளியின் வேகத்தை நெருங்கும்போது அத்தாங்குதலுக்கும் எல்லை உண்டு எனக் கண்டார். கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறையே அவ்வெல்லை.

1935 ஜனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகத்தில் இம்முடிவை எடிங்டன் எள்ளி நகையாடினார். அவை சிரித்தது. உண்மையுணர்ந்த அறிஞர் சிலர் தனிமையில் ஒப்பினரேயன்றி வெளிப்படப் பேசிலர். இருபத்து நான்கு வயது இளைஞர் வசைமொழி கூறவில்லை. 1939 இல் தம் ஆய்வை நூலாக்கிவிட்டு வேறு துறை புகுந்தார். 1982 இல் எடிங்டனின் நூற்றாண்டுப் பொழிவுகளை நிகழ்த்தி அவரைப் போற்றியவரும் இவரே. மறு ஆண்டு நோபல் பரிசு வந்தது. 1995 ஆகஸ்டு 21 இல் சிகாகோவில் மறைந்தார்.

அவர் கண்ட எல்லையில் ஈர்ப்பு மாறிலி, ஒளிவேகம், பிளாங்க் மாறிலி மூன்றும் கூடி நிற்கின்றன. இடமும் காலமும் நடுங்கக்கூடிய அளவைத் தருவனவும் அம்மூன்றே. ஒரு மீட்டரைக் கோடியால் ஐந்து முறை வகுத்தால் கிடைக்கும் நுண்மை அது. சிகாகோவை அடுத்த ஃபெர்மி ஆய்வகத்தில், 40 மீட்டர் கைகளுடைய இரு லேசர் கருவிகள் அந்நடுக்கத்தைத் தேடின. எதிர்பார்த்த வகை நடுக்கம் இல்லை என்பதே 2015 இல் கிடைத்த விடை. தேடல் ஓயவில்லை. அவ்வாண்டிலேயே லைகோ கருவிகள், இரு கருந்துளைகள் மோதியெழுந்த ஈர்ப்பலையை உணர்ந்தன. எடிங்டன் நகைத்த எல்லைக்கு அப்பால் காத்திருந்தவை அக்கருந்துளைகளே.

ஓர் அவையின் சிரிப்புக்கு அஞ்சித் தம் வரிகளை அழிக்க எண்ணும் இளங்கவிஞர், சந்திரசேகரை ஒருமுறை நினைத்துக்கொள்வாராக.